சோனிக்: விளையாட்டில் இல்லாத கதையை எழுதியவர்கள்

1991ஆம் ஆண்டு சேகா நிறுவனம் தன் மெகா டிரைவ் கருவிக்காக வெளியிட்ட ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ வீடியோ கேமில், நீல நிற முள்ளெலி ஒன்று கண்ணுக்கெட்டாத வேகத்தில் ஓடியது, தங்க வளையங்களைச் சேர்த்தது, இயந்திரக் கூடுகளுக்குள் அடைபட்ட சிறு விலங்குகளை விடுவித்தது; இவற்றைத் தவிர அதில் உரையாடல் என ஒரு வரிகூட இல்லை. நவோட்டோ ஓஷிமா வரைந்த உருவமும், யூஜி நாகா எழுதிய நிரலும், ஹிரோகாசு யாசுஹாரா வகுத்த பாதைகளும் அந்த விளையாட்டுக்குப் போதுமானவையாக இருந்தன. சோனிக் யார், எங்கிருந்து வந்தான், அவனுடைய நண்பர்கள் எவர் என்னும் கேள்விகளுக்கு விளையாட்டு விடை தராததால், அந்த விடைகளை எழுதும் பணி ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் சித்திரக்கதை ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் சற்றும் ஒத்துவராத மூன்று சோனிக்குகளைப் படைத்தார்கள்.

ஜப்பானில் ஷோகாகுகான் பதிப்பகம் பள்ளிச் சிறுவர்களுக்காக நடத்திய இதழில் 1992இல் கென்ஜி டெராடா எழுதி சாங்கோ மோரிமோட்டோ வரைந்த தொடரில், நிக்கி என்ற பயந்த சுபாவமுள்ள முள்ளெலிச் சிறுவனே சோனிக்காக உருமாறுகிறான். இந்தத் தொடர் வெளிநாடுகளில் அதிகம் அறியப்படாதது என்றாலும், எமி ரோஸ் என்னும் பெண் முள்ளெலியும் சார்மி என்னும் தேனீயும் முதலில் தோன்றியது இதில்தான். எமி 1993இல் ‘சோனிக் சிடி’ வழியாகவும், சார்மி 1995இல் ‘நக்கிள்ஸ் கேயாட்டிக்ஸ்’ வழியாகவும் விளையாட்டுக்குள் நுழைந்தனர். விளையாட்டிலிருந்து சித்திரக்கதைக்கு மட்டுமே பாத்திரங்கள் செல்கின்றன என்ற பொதுவான எண்ணம், ஆக, தொடக்கத்திலிருந்தே சரியன்று.

பிரிட்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் 1993 மே மாதம் முதல் இருவாரத்துக்கு ஒருமுறை வெளியிட்ட ‘சோனிக் தி காமிக்’ 2002 வரை 223 இதழ்கள் கண்டது. நைஜல் கிட்சிங் எழுதி ரிச்சர்ட் எல்சன் வரைந்த அதன் முதன்மைக் கதையில் வில்லன் ரோபோட்னிக் முழு உலகையும் கைப்பற்றிவிட, சோனிக் தலைமறைவுக் கலகக்காரனாகப் போராடுகிறான். விளையாட்டில் வெற்றியின் பரிசாக வரும் ‘சூப்பர் சோனிக்’ என்னும் பொன்னிற வடிவம், இங்கே நண்பர்களையே தாக்கும் கொடிய சக்தியாக மாற்றப்பட்டது. ஒரு பரிசையே அச்சமாக்கிய இந்தத் துணிச்சல் பாராட்டுக்குரியது. இதழ் நின்றபின் அதன் வாசகர்கள் 224ஆம் எண்ணிலிருந்து தாங்களே இணையத்தில் கதையைத் தொடர்ந்தார்கள்.

இவற்றுள் நீண்ட வாழ்வும் பெரும் துயரமும் அமெரிக்கத் தொடருக்கே வாய்த்தன. ஆர்ச்சி காமிக்ஸ் நிறுவனம் சேகாவிடம் உரிமம் பெற்று, அதாவது பாத்திரத்தின் உடைமை சேகாவிடமே இருக்க அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் பெற்று, 1993இல் தொடங்கிய இந்தத் தொடர் ஆரம்பத்தில் சிலேடையும் கேலியும் நிறைந்த சிறுவர் கதையாகவே இருந்தது. அதே காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான சோனிக் கார்ட்டூன் தொடரிலிருந்து இளவரசி சாலி, பாதி இயந்திரமாக்கப்பட்ட முயல் பன்னி ஆகியோரைச் சித்திரக்கதை ஏற்றுக்கொண்டது; கார்ட்டூன் இரண்டே பருவங்களில் நின்றுபோன பின்னும் அவர்கள் இதழ்களில் வாழ்ந்தார்கள். 1997இல் வெளியான 47 முதல் 50 வரையிலான இதழ்களில் ரோபோட்னிக்கே அழிக்கப்பட்டபோது, தொடர் விளையாட்டின் துணைப்பொருள் என்ற நிலையைக் கடந்துவிட்டது. ஆனால் உரிமம் பெற்ற கதைக்கு முழு விடுதலை கிடையாது: ‘சோனிக் அட்வெஞ்சர்’ விளையாட்டு வில்லனைப் புதிய தோற்றத்தில் கொண்டுவந்ததும், வேறோர் உலகிலிருந்து வந்த இன்னொரு ரோபோட்னிக் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டதாக ஆசிரியர்கள் கதை அமைக்க நேர்ந்தது. இத்தகைய ஒட்டுவேலைகளையும் தாங்கி நின்ற தொடரை, வீடியோ கேமை அடிப்படையாகக் கொண்டு மிக நீண்டகாலம் வெளிவந்த சித்திரக்கதை என 2008இல் கின்னஸ் நிறுவனம் அங்கீகரித்தது.

இந்த உலகின் பெரும்பகுதியை வளர்த்தவர்களுள் கென் பெண்டர்ஸ் முதன்மையானவர். முட்டையிடும் பாலூட்டியான எக்கிட்னா இனத்தைச் சேர்ந்த நக்கிள்ஸ் என்ற பாத்திரத்துக்கு, விளையாட்டில் இல்லாத முன்னோர் வரிசையையும் பகைக் குலங்களையும் அவர் படைத்தார். நக்கிள்ஸுக்கென்றே தனி இதழ் 32 எண்கள் வரை வந்தது. பதிப்பகத்திலிருந்து விலகிய பின் அவர் தாம் எழுதிய கதைகளுக்கும் பாத்திரங்களுக்கும் தம் பெயரில் பதிப்புரிமை பதிவு செய்ய, 2010இல் ஆர்ச்சி அவர்மீது வழக்குத் தொடுத்தது. அமெரிக்கச் சட்டப்படி, ஊழியரல்லாத ஒருவர் எழுதித் தந்த படைப்பு அதைக் கேட்டு வாங்கிய நிறுவனத்துக்கே உரியதாக வேண்டுமானால், அவ்வாறு ஒப்புக்கொண்டு இருதரப்பும் கையெழுத்திட்ட ஆவணம் இருக்க வேண்டும். அந்த மூல ஆவணத்தை நிறுவனத்தால் முன்வைக்க இயலவில்லை. 2013இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அதன் விலையைக் கதையே செலுத்தியது. அதே ஆண்டில் சோனிக்கும் கேப்காம் நிறுவனத்தின் வீடியோ கேம் நாயகனான மெகா மேனும் சந்தித்த 12 பகுதிக் கதையின் முடிவில், குலைந்துபோன உலகை மீட்கும் முயற்சி தடைபட்டு, சோனிக்கின் உலகம் வேறொன்றாக மாறிப் பிறக்கிறது. பெண்டர்ஸ் படைத்த எக்கிட்னாக்களும் இன்னும் பல பாத்திரங்களும் அந்த மாற்றத்தோடு மறைந்தார்கள். 2006 முதல் தொடரை எழுதிவந்த இயன் ஃப்ளின் புதிய உலகைத் திறமையாகவே கட்டினார் என்றாலும், இருபது ஆண்டுகளாகத் தாம் நேசித்தவர்களுக்கு விடைகொடுக்கும் ஒரு காட்சிகூட வாசகர்களுக்குக் கிடைக்கவில்லை. படைத்தவரின் உரிமைக் கோரிக்கையைக் குறை கூறுவதற்கில்லை. முறையான தாளில் முறையான கையெழுத்தைப் பெற்றுப் பாதுகாக்காத அலட்சியமே இந்த இழப்பின் வேர். தொடரும் 290ஆம் இதழோடு நின்றது. உரிமம் முடிந்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது.

2018 ஏப்ரலில் ஐ.டி.டபிள்யூ பதிப்பகம் அதே இயன் ஃப்ளின்னை ஆசிரியராகக் கொண்டு புதிய தொடரைத் தொடங்கியது. பழைய கதைகளின் சுமையின்றி விளையாட்டுகளின் தொடர்ச்சியாகவே எழுதப்படும் இதில், வால் நீண்டு சுருளும் லெமூரான டாங்கிளும், பேச்சு குறைந்த ஓநாயான விஸ்பரும் புதிதாகப் பிறந்தார்கள். தொட்டவரையெல்லாம் உணர்வற்ற உலோக உடலாக்கும் நோய்க்கிருமியைப் பற்றிய நீண்ட கதையில், எந்த இடத்திலும் நின்று இளைப்பாறாத சோனிக்கே அந்தத் தொற்றைத் தன் வேகத்தால் மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுகிறான்; விளையாட்டின் ஒரே விதியான ஓட்டத்தையே வாழ்வா சாவா என்னும் நெருக்கடியாக மாற்றியதில்தான் இந்த ஆசிரியரின் உண்மையான ஆற்றல் தெரிகிறது. 2022இல் வந்த ‘சோனிக் ஃப்ராண்டியர்ஸ்’ விளையாட்டின் கதையை எழுத சேகா அவரையே அழைத்தது. டாங்கிளும் விஸ்பரும் கைபேசி விளையாட்டில் இடம்பெற்றுவிட்டார்கள்.

ஆர்ச்சி காலத்து இதழ்கள் இன்று புதிதாக அச்சில் கிடைப்பதில்லை. ஆகவே சோனிக் சித்திரக்கதைகளை முதன்முறையாகப் படிக்க விரும்புவோர் 2018ஆம் ஆண்டுத் தொடரின் முதல் தொகுதியிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன் விளையாட்டை ஆடியிருக்க வேண்டியதில்லை. தொடங்கும்போது, எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் அச்சிடப்பட்டுள்ள பக்கத்தையும் அவர்கள் தவறாமல் படிக்க வேண்டும்.