விசைப்படகில் மின்னாற்றல்

நிலத்தில் வாழ்வோர்க்கு மின்னாற்றல் ஊர்க்கம்பிகளின் வழியே வந்து சேர்கின்றது. அது தடைப்படின், மீளுமளவும் அகல்விளக்கேற்றிக் காத்திருத்தல் கூடும். நடுக்கடலில் நிற்கும் படகிற்கு அவ்வாய்ப்பு இல்லை. வேண்டிய மின்னாற்றலைத் தானே ஆக்கி, சேமித்து, அளந்து செலவிடுதல் அதற்கு இன்றியமையாததாகும்.

நாகப்பட்டினம், தூத்துக்குடி முதலிய துறைகளினின்று மீன்பிடிக்கச் செல்லும் விசைப்படகுகள் டீசல் பொறியால் இயங்குவன. பொறி ஓடுங்கால், அதனோடு இணைந்த மின்னாக்கியும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்கும். அது மின்கல அடுக்கிற் சேமிக்கப்படும். 'பேட்டரி' என மக்கள் வழங்குவது இதனையே. காரீயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட இவ்வகைக் கலத்தை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே அமைத்தார். லித்தியக் கலங்கள் இந்நாளில் வந்துள்ளனவேனும், காரீயக் கலங்கள் இன்னும் பயன்பட்டு வருகின்றன.

சேமித்த மின்சாரத்திற்கு வரவு செலவுக் கணக்கு உண்டு. 100 ஆம்பியர்-மணி கொள்ளும் அடுக்கிலிருந்து 5 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் எடுத்தால், அதிற் பாதி தீர்ந்துவிடும். பாதிக்கு மேலும் அடிக்கடி எடுத்தால் காரீயக் கலத்தின் வாழ்நாள் குறையும். 12 வோல்ட்டு அடுக்கு, ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட்டுக் காட்டினால் நிறைந்துள்ளது என்றும், 12.2 காட்டினால் பாதியாயிற்று என்றும் கொள்ளலாம். வறிதான கலத்தை அப்படியே விட்டுவைத்தால், தகடுகளில் காரீய சல்பேட்டு இறுகி, அதன் ஆற்றல் கெடும்.

பொறியை நிறுத்திவிட்டு இரவு முழுதும் விளக்குகளையும் கம்பியில்லாத் தந்திக் கருவியையும் இயக்கிய படகொன்றை எண்ணிப் பார்க்க. வைகறையில் பொறியைத் தொடங்கச் சில நொடிகளுக்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். கலமோ வறிதாயிற்று. பொறி அசையாது, உதவி கோரும் கருவியும் பேசாது, படகு காற்றின் வழியே ஒதுங்கும். இத்துன்பம் நேராவண்ணம், பொறியைத் தொடங்க ஓர் அடுக்கும், பிற தேவைகட்கு வேறோர் அடுக்குமாகப் பிரித்து வைத்தல் வேண்டும். பசித்த காலத்தும் உழவன் விதைநெல்லைத் தொடான். தொடக்க அடுக்கும் படகின் விதைநெல்லே.

கம்பிகளை அமைப்பதிலும் கருத்து வேண்டும். மெல்லிய கம்பியில் மிகுந்த மின்சாரம் ஓடின், அது சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆதலின், கம்பியின் பருமனுக்கேற்ற உருகியை மின்கலத்தின் அருகிலேயே பொருத்துவர். அளவு மீறினால் உருகி அறுந்து கம்பியைக் காக்கும். கடற்காற்றின் உப்பினாற் செம்பிற் களிம்பேறும். களிம்பேறிய இணைப்பில் மின்சாரம் தடைப்படும். வெள்ளீயம் பூசிய செம்பிழைக் கம்பிகள் இதனைப் பெரிதும் தாங்குவன.

மின்னேற்றும்போது காரீயக் கலத்தினின்று எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆகவே கலங்கள் காற்றோட்டமுள்ள இடத்தில் இருத்தல் வேண்டும். அருகில் நெருப்புக் கூடாது. கடல்நீர் கலத்தினுட் புகுந்தால் நச்சுடைய குளோரின் வாயு உண்டாகக்கூடும். ஆதலின் படகினடியில் தேங்கும் நீர் எட்டாத உயரத்தில் அவற்றைக் கட்டி வைப்பர்.

ஓடும் படகின் இடப்புறத்தே சிவப்பும் வலப்புறத்தே பச்சையுமாக ஒளிரும் விளக்குகளே, அது செல்லும் திசையைப் பிற கலங்கட்கு அறிவிப்பன. அவ்வொளி விடியுமளவும் நிலைப்பது, கரையில் இருக்கும்போதே களிம்பைத் துடைத்து, உருகியை நோக்கி, கலத்தை அளந்து பார்த்தவரின் விழிப்பினாலேயாம்.