பழைய கீசரை மாற்றப் போறீங்களா? பிராண்டைவிட முக்கியம், அதை மாட்டுகிற ஆள்!

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் 'பாய்லர்' என்று சொன்னால் ஆளுக்கு ஒரு படம் மனசில் வரும். பாட்டிமார்களுக்கு, கொல்லைப்புறத்தில் விறகும் தேங்காய் மட்டையும் போட்டு எரித்த செப்பு பாய்லர். தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஷெட்டில் நீராவி விட்டுக்கொண்டு நிற்கும் பெரிய கொதிகலன். இன்றைய தலைமுறைக்கு, பாத்ரூம் சுவரில் தொங்கும் வெள்ளை கீசர்.

இந்த மூன்றில் தொழிற்சாலை பாய்லருக்கு மட்டும் தனிச் சட்டமே இருக்கிறது. 1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பாய்லர் சட்டம் போய், 2025 மே மாதத்திலிருந்து புதிய பாய்லர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பதிவு செய்யணும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வு நடக்கணும், சான்றிதழ் இருக்கணும், தகுதி உள்ளவர்தான் இயக்கணும்.

வீட்டு கீசருக்கு? கடையில் இருக்கும்வரை ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டுக்கு வந்தபிறகு அதைச் சுவரில் எப்படி மாட்டினார்கள், எர்த் இருக்கிறதா, வால்வை அடைத்துவிட்டார்களா என்று பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். தண்ணீரும் கரன்ட்டும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும் அந்த சாதனத்துக்கு வீட்டுக்காரர்தான் இன்ஸ்பெக்டர். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், அரை மணி நேர வேலைதான் அது.

ரிப்பேரா, மாற்றுவதா?

எல்லாப் பழைய கீசரையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. தண்ணீர் சூடாகவே இல்லை என்றால் பெரும்பாலும் காயில் அல்லது தெர்மோஸ்டாட் போயிருக்கும். சூடாக ரொம்ப நேரம் ஆகிறது, ஆன் செய்தால் உள்ளே 'கடகட' என்று சத்தம் வருகிறது என்றால் காயில் மேலும் டேங்க் அடியிலும் உப்பு படிந்திருக்கும். இவை சரிசெய்யக்கூடியவை.

டேங்க் ஓட்டையாகி உடம்பிலிருந்தே தண்ணீர் கசிகிறது, வெந்நீர் துரு நிறத்தில் வருகிறது என்றால் கதை வேறு. அதற்குமேல் செலவு செய்வது வீண். குழாயைத் தொட்டால் லேசாக 'சுர்'ரென்று இழுக்கிறதா? அப்போது யோசிக்கவே வேண்டாம். உடனே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். 'செருப்பு போட்டுக்கிட்டு குளிச்சா ஒண்ணும் ஆகாது' என்பதெல்லாம் உயிரோடு விளையாடுவது.

இந்த ஊர்த் தண்ணீரின் கணக்கு

பாலாற்றுப் படுகையில் கீசரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் போர் தண்ணீர். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுவார்கள். பதப்படுத்தும்போது அந்த உப்பு கழிவுநீரில் கலக்கிறது. பல பத்தாண்டுகளாக இது நிலத்தடி நீரில் இறங்கியதைப் பற்றித்தான் வேலூர் மக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியிலும் பாலாறு மாசு பற்றி மீண்டும் ஒரு தீர்ப்பு வந்தது. குடிக்கக் காவிரி கூட்டுக்குடிநீர் வந்தாலும், பல வீடுகளில் மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர்தான்.

கீசருக்குள் இந்தத் தண்ணீர் இரண்டு விதமாக வேலை காட்டும். கடினத்தன்மை அதிகம் என்றால், சூடு ஏற ஏற வெள்ளைப் படிவு காயிலில் ஒட்டும். குளோரைடு அதிகம் என்றால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே ஊசி ஊசியாக அரித்து ஓட்டை போடும். அதனால் 'ஸ்டீல் டேங்க் சார், துருவே பிடிக்காது' என்று கடையில் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

உள்ளே கண்ணாடிப் பூச்சு கொண்ட டேங்க் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை: அதற்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பியைக் கவனிக்கணும். ஆனோடு ராடு என்று டெக்னீஷியன்கள் சொல்வது இதைத்தான். டேங்க் அரிக்காமல் இருக்க, இந்தக் கம்பி தன்னையே கரைத்துக்கொள்ளும். அது கரைந்து தீர்ந்த நாளிலிருந்து டேங்க் அரிக்க ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். புது கீசர் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு சொற்பம்.

வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுவது நல்லது. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருக்கும் மொத்த உப்பை மட்டும் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் முழு அறிக்கை கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி விரும்பத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. அதையும் தாண்டினால் எந்த பிராண்டு வாங்கினாலும் வருடாந்திர சர்வீஸை மறக்கக்கூடாது. தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைக்காமல் 50-55 டிகிரியில் வைத்தால் படிவும் குறையும்.

எத்தனை லிட்டர்? எவ்வளவு கரன்ட்?

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் ஆகும். 2 கிலோவாட் கீசருக்கு இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், குளிக்கிற பதத்தில் ஏறக்குறைய 35 லிட்டர், அதாவது இரண்டு பக்கெட். பக்கெட் குளியல் போடும் சின்னக் குடும்பத்துக்கு இது போதும். ஷவர் பழக்கம், காலையில் அடுத்தடுத்து மூன்று பேர் என்றால் 25 லிட்டர் பார்க்கலாம். ஏலகிரி மலையில் வீடு என்றால் மார்கழிக் குளிருக்குத் தண்ணீர் இன்னும் சில்லென்று வரும். அதற்கேற்பக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தினமும் இரண்டு டேங்க் சூடாக்கினால் இரண்டு மாதத்துக்கு 70 யூனிட்டுக்கு மேல். முதல் 100 யூனிட் இலவசம் என்பதில் பெரும்பகுதியை கீசர் ஒன்றே சாப்பிட்டுவிடும். ஸ்டார் லேபிளைப் பார்ப்பது இதற்காகத்தான். சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான் டேங்க் கீசருக்கு ஸ்டார் தருகிறார்கள். குளித்து முடித்ததும் சுவிட்சை அணைக்கிற வீட்டில் 4 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ராத்திரி முழுக்க ஆனிலேயே விடுகிற வீட்டில் தெரியும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை நிஜமா என்று சந்தேகமா? முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று வந்துவிடும்.

யாரைக் கூப்பிடுவது?

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். பக்கத்துத் தெரு பிளம்பரே கீசரையும் மாட்டி, வயரையும் முறுக்கி, 'ஓகே சார், போட்டுப் பாருங்க' என்று கிளம்பிவிடுவார். பைப் வேலையில் அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் வயரிங் வேறு தொழில். வீட்டு வயரிங்கைப் புதிதாக இழுப்பதும் மாற்றுவதும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் நடக்கணும் என்கிறது மின் பாதுகாப்பு விதி. தமிழ்நாட்டில் இந்த உரிமத்தையும் மின்கம்பியாள் சான்றிதழையும் கொடுப்பது மின் உரிமம் வழங்கும் வாரியம். 'அண்ணே, உங்க லைசென்ஸ் கார்டு இருக்கா?' என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை. இருப்பவர் சந்தோஷமாகக் காட்டுவார்.

கம்பெனி டெக்னீஷியன் வந்தாலும் சில விஷயங்களைக் கேட்டே ஆகணும்:

• எர்த் சரியா இருக்கா? மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் காட்டணும். எர்த் இல்லாத பழைய வீடுகளில் நியூட்ரலையே எர்த் முனையில் இணைத்துவிடும் பழக்கம் உண்டு. நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் கீசர் உடம்பு முழுக்க கரன்ட் ஏறும்.

• ஆர்.சி.சி.பி. இருக்கா? எம்.சி.பி. இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. மனுஷனைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. கரன்ட் உடம்பு வழியாகக் கசிந்தால், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கணும், உடனே விழணும்.

• வயர் தாங்குமா? 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். லைட், ஃபேனுக்குப் போட்ட சின்ன சாக்கெட் இதற்கு ஆகாது. தனி 16 ஆம்பியர் பாயின்ட், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

• வால்வை மாட்டினீங்களா? பெட்டிக்குள் ஒரு சின்ன வால்வு வரும். டேங்கில் அழுத்தம் ஏறினால் தண்ணீரைச் சொட்டவிட்டுக் குறைப்பது அதன் வேலை. 'சும்மா சொட்டிக்கிட்டே இருக்கு பாய், அடைச்சுடலாமா?' என்று யாராவது கேட்டால், கண்டிப்பாக வேண்டாம். சூடாகும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதானால், டேங்க் வெடிக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறலாம். தொழிற்சாலை பாய்லரில் சேஃப்டி வால்வை அடைக்க யாரும் துணிய மாட்டார்கள். வீட்டிலும் அதே நியாயம்தான்.

• சுவர் தாங்குமா? 25 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 25 கிலோ. ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதற்கான போல்ட் வேண்டும்.

கேஸ் கீசர் வைக்கலாமா?

பில் குறையும், உடனே வெந்நீர் வரும் என்று கேஸ் கீசருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மயக்கம் வருவதே தெரியாமல் உயிர் போய்விடும். கேஸ் கீசரையும் சிலிண்டரையும் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவதுதான் ஒரே வழி. அதற்கு இடம் இல்லாத வீட்டில் கேஸ் கீசர் வேண்டாம்.

பில் வாங்காம விடாதீங்க

வேலை முடிந்ததும் மூன்று காகிதம் கையில் இருக்கணும்: கீசர் பில், மாட்டியதற்கான ரசீது, தேதி போட்ட வாரன்டி கார்டு. கடின நீரால் வரும் பழுதுக்கு வாரன்டி உண்டா என்பதைக் கார்டில் வாங்கும் முன்பே படித்துவிடுவது நல்லது. உப்புத் தண்ணீர் ஊரில் தகராறு வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான்.

பிரச்சினை வந்து, கடையும் கம்பெனியும் மாறி மாறிக் கைகாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்தான்.

கீசரை ஆன் செய்யும் முன் கடைசியாக ஒன்று: வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் விட்டு விட்டு வராமல் சீராக வருகிறதா என்று பார்க்கணும். டேங்க் நிறைந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். காலி டேங்கில் காயில் எரிந்தால், முதல் குளியலுக்கு முன்பே ரிப்பேர் வேலை ஆரம்பித்துவிடும்.