உட்கார்ந்தே வரும் புண்

ராயபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்கூட நாம் ஓயாமல் நெளிகிறோம். தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர் பலருக்கு, ‘இடம் மாறு’ என்னும் வலிச் செய்தி மூளைக்குப் போவதில்லை. பிட்டத்து எலும்பு முனைகள் சதையை நசுக்க, ரத்தம் தடைபடுகிறது. நகக்கண்ணின் நுண்குழாய்களில், தமனிப் பக்க முனையில், 1930இல் ஆய்வாளர் லாண்டிஸ் அளந்த ரத்த அழுத்தம் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். உட்காரும் எடை அதை எளிதில் மிஞ்சும். பெரும்பாலும் எலும்பை ஒட்டிய தசைதான் முதலில் சாகிறது. வெளியே நாணயமளவு புண், உள்ளே குழி!

எண்ணூர்ப் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வை தோலை ஊறவைக்கும். மேடுபள்ளச் சாலையில் உடல் சறுக்கினால் உராய்வு வேறு. கால் மணி, அரை மணிக்கொருமுறை கைப்பிடியை ஊன்றி எழும்பலாம். முடியாதவர் முன்னால் நன்றாகச் சாயலாம், ஓரிரு நிமிடமாவது. கறுத்த தோலில் புண்ணின் முன்னறிகுறியான சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் கடினத்தையும் தடவிப் பாருங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தை மட்டும் வேண்டாம், அதன் விளிம்பே ரத்தத்தைத் தடுக்கும்.