குற்றம் ஆளிடமா, முறையிலா?

"நடவாட்கள் சரியில்லை, அதனால்தான் பயிர் தூர் கட்டவில்லை" என்று விவசாயிகள் குறைப்படுவதை நான் அடிக்கடி கேட்பதுண்டு. விரிவாக்கப் பணியில் உள்ள நாங்களும் இதற்கு விலக்கல்ல. செயல்விளக்கத் திடலில் விளைச்சல் குறைந்தால், "விவசாயி சொன்னபடி செய்யவில்லை" என்று அறிக்கை எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். டாக்டர் டெமிங்கின் வரலாற்றைப் படித்தபின் அப்படி எழுதக் கை கூசுகிறது.

விவசாயி வீட்டுப் பிள்ளை

வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங் 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் வயோமிங் மாநிலத்துப் பவல் என்னும் ஊரில் 40 ஏக்கர் நிலம் பெற்றுக் குடியேறியது. தார்க் காகிதம் போர்த்திய குடிசையில் வாழ்க்கை. தாயார் பியானோ கற்றுக் கொடுத்தார். மகன் ஓட்டலுக்கு விறகு சுமந்தும், தெருவிளக்கு ஏற்றியும் சம்பாதித்தார்.

1927-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்தார். காற்றிலுள்ள தழைச்சத்தை உரமாக்குவது பற்றிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. மறு ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1936-ல் லண்டன் சென்று ரொனால்ட் பிஷரிடம் புள்ளியியல் பயின்றார். இன்றும் நம் ஆராய்ச்சிப் பண்ணைகளில் பாத்தி பிரித்து ரகங்களை ஒப்பிடுகிறோமே, அந்தச் சோதனை முறைக்கு அடித்தளமிட்டவர் பிஷர்.

தொழிற்சாலைகளின் ஆலோசகர்

வயலில் பிறந்த இக்கணக்கை டெமிங் தொழிற்சாலைக்குக் கொண்டு சென்றார். போரில் நொடிந்திருந்த ஜப்பானில் 1950-ல் பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் வகுப்பு நடத்தினார். உரைகளின் நூலுக்குரிய பணத்தை அவர் வாங்கவில்லை. 1951-ல் அங்கு அவர் பெயரால் பரிசு ஏற்பட்டது. 1998-ல் அப்பரிசைப் பெற்றது நம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு.

சிவப்பு மணிச் சோதனை

வகுப்பில் அவர் ஒரு பெட்டி வைப்பார். அதில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. 50 குழியுள்ள தட்டால் அள்ள வேண்டும், சிவப்பு வரக்கூடாது. குறைவாக வந்தவரைப் பாராட்டுவார். அதிகம் வந்தவரைக் கடிந்துகொள்வார். என்ன செய்தும் சிவப்பு வந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியில் கலந்து வைத்தவரை விட்டு, அள்ளியவரைத் திட்டி என்ன பயன்? குறைகளில் நூற்றுக்கு 94 பங்கு முறையைச் சேர்ந்தது. அதற்குப் பொறுப்பு நிர்வாகமே என்பது அவர் மதிப்பீடு.

ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல் வாசிப்பார். தேவாலயத்துக்கான இசை அமைப்பார். வீட்டின் நிலவறையே அலுவலகம். 1993-ல் 93 வயதில் மறையும் ஆண்டிலும் வகுப்பு நடத்தினார்.

நம் வயலுக்கு

குறுகிய கால நெல் ரகத்துக்கு 18 முதல் 22 நாள் நாற்று ஏற்றது. 35 நாள் நாற்றைக் கொடுத்தால் எவ்வளவு கைதேர்ந்தவர் நட்டாலும் தூர் குறையும். மட்டம் பார்க்காத வயலில் பள்ளத்து நாற்று அழுகும். இவை நாம் பெட்டியில் போட்ட சிவப்பு மணிகள்.

ஆகவே விவசாய அன்பர்கள் விதைத்த நாள், பறித்த நாள், நட்ட நாள், தண்ணீர் கட்டிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருவது நலம். குறை நேரும்போது முதலில் நோட்டைப் புரட்டுங்கள். ஆளைக் கடிவது பிறகு இருக்கட்டும். நாங்களும் அறிக்கை எழுதுமுன் அதையே செய்யக் கடமைப்பட்டவர்கள்.