தொகு என்னும் சிறு சொல்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்து பார்க்கும் எவரும், ஒவ்வோர் உபதலைப்பின் அருகிலும் சிறிய எழுத்தில் நிற்கும் 'தொகு' என்ற சொல்லைக் கண்டிருப்பர். கண்டும் காணாது கடந்து செல்வோரே பெரும்பான்மையினர். நானும் நெடுநாள் அவ்வாறே கடந்து சென்றேன். அதன் பயனை நான் அறிந்துகொண்டது பிறர் உழைப்பொன்றை அழித்த பின்னரேயாகும்.

பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், நம் நாட்டுப் பழைய பதிப்பாசிரியர் ஒருவரைப் பற்றி அங்கே இருந்த கட்டுரையைச் செம்மை செய்ய முனைந்தேன். விடைத்தாள் திருத்திப் பழகிய கை; சந்திப் பிழையைக் கண்டால் கடந்து செல்ல மனம் வராது. கட்டுரை முழுவதையும் திறந்து, முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை ஒற்று இட்டும் வாக்கியம் பிரித்தும் இரண்டு மணி நேரம் உழைத்தேன். சேமிக்க முற்பட்டபோது, தொகுத்தல் முரண்பாடு என்றோர் அறிவித்தல் தோன்றிற்று. மேலே ஒரு கட்டம்; கீழே ஒரு கட்டம். மேலே இருந்தது அப்போதைய பிரதி. கீழே இருந்தது என்னுடையது. இருவர் செய்த திருத்தங்கள் ஒன்றையொன்று தொடாவிடின் மென்பொருளே அவற்றை இணைத்துவிடும். நானோ எல்லா வரிகளையும் தொட்டிருந்தேன். வேறு வழி தெரியாமல் என் பிரதியை முழுவதுமாக மேற்கட்டத்தில் ஒட்டிச் சேமித்தேன்.

அந்த இரண்டு மணி நேரத்துள் வேறோர் அன்பர், அப்பதிப்பாசிரியரின் நூலொன்றின் முகவுரையைத் தேடிப் படித்து, அதிலிருந்து ஒரு பந்தி எழுதிச் சேர்த்திருந்தார். என் ஒற்றுகள் நின்றன. அவருடைய பந்தி போயிற்று.

நல்லவேளை, விக்கியில் முன்னைய பிரதிகள் யாவும் வரலாற்றுப் பக்கத்தில் தங்கிவிடுகின்றன. அவ்வன்பர் தம் பந்தியை மீட்டுச் சேர்த்தார். உரையாடற் பக்கத்தில் எனக்கொரு குறிப்பும் எழுதியிருந்தார். அதில் கடுஞ்சொல் ஒன்றுமில்லை. அந்த நூலைக் கண்டெடுக்கத் தமக்கு இரண்டு மாதம் ஆயிற்று என்று மட்டும் இருந்தது. கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வழி காட்டியவன் என் பழைய மாணாக்கன். "சேர், ஒரு பந்தி திருத்த ஏன் முழுக் கட்டுரையையும் திறக்கிறியள்? தலைப்புக்குப் பக்கத்திலை தொகு எண்டு கிடக்குது. அதை அமத்தினால் அந்தத் துண்டு மட்டுந்தான் வரும்" என்றான்.

துண்டு எவ்வாறு வருகின்றது என்பது சுவையான செய்தி. விக்கி மூலத்தில் உபதலைப்பின் இருபுறமும் இவ்விரண்டு சமக்குறிகள் இடப்படும். மென்பொருள் மேலிருந்து கீழாக அத்தலைப்புகளை எண்ணிக்கொண்டு வரும். தலைப்பில்லாத முகப்புப் பகுதி 0, அடுத்தது 1, பின்னர் 2, 3. மூன்றாந் தலைப்பருகே அழுத்தினால், 3 என்னும் எண்ணே உள்ளே செல்கின்றது. அப்பகுதி மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு நம்முன் வைக்கப்படும். சேமித்ததும் அது தன் இடத்திற் பொருத்தப்பட்டுக் கட்டுரை முழுவதுமே ஒரு புதிய பிரதியாகப் பதிவாகும். பகுதியைத் தனியே காப்பதற்கு அங்கு ஏற்பாடில்லை. நாம் காண்பது ஒரு சாளரத்தை மட்டுமே. இதில் ஒரு சிறு பொறியும் உண்டு. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு நாம் தேநீர் அருந்தி வருவதற்குள் வேறெவரேனும் மேலே புதிய தலைப்பொன்றைச் சேர்த்துவிட்டால், பழைய 3ஐ அழுத்தும் நமக்கு வேறொரு பகுதி திறந்துவிடக்கூடும்.

தமிழருக்கு இவ்வசதி வேறொரு காரணத்தாலும் வேண்டப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியா 2001 சனவரி 15இல் தொடங்கிற்று. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முதலியோர் முனைந்து உழைத்த தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கம் 2003ஆம் ஆண்டு. அக்காலத்து இணைய உலாவிகள் சிலவற்றால் 32 கிலோபைற்றுக்கு மேற்பட்ட உரையைத் திருத்த இயலாதிருந்தது. ஆங்கில எழுத்து 1 பைற்றில் அடங்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும், உயிர்மெய்யின் கொம்புக்கும் காலுக்குமே, 3 பைற்று வேண்டும். ஆகவே ஆங்கிலேயர் 32,000 எழுத்து எழுதக்கூடிய இடத்தில் நமக்குக் கிடைத்தது ஏறத்தாழ 11,000 குறியீடுகளே. பகுதி பகுதியாகத் திருத்தும் வசதி இந்நெருக்கடியைத் தளர்த்திற்று.

தொகு என்ற சொல்லைக் குறித்துப் பண்டிதர் சிலர் முகஞ்சுளிப்பர். நம் மரபில் உதிரியாய்க் கிடந்தவற்றை ஒன்றுசேர்த்தலே தொகுத்தல். குறுந்தொகையும் கலித்தொகையும் அப்பொருளிலேயே பெயர் பெற்றன. ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தி அச்சேற்றுவதைப் பதிப்பித்தல் என்றோம். விக்கியோ சேர்த்தல், நீக்கல், திருத்தல் யாவற்றையும் தொகுத்தல் என்கின்றது. ஒரு துண்டைப் பிரித்தெடுக்கும் பொத்தானுக்குச் சேர்த்தலைக் குறிக்கும் பெயர்! முதலில் நானும் சுளித்தேன். இப்பொழுது பழகிவிட்டது.

நூலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுதலும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களுள் சொல்லதிகாரத்துக்கே சேனாவரையர் உரை வகுத்தார். ஆயினும் ஏனைய அதிகாரங்களை அறியாமல் அவர் அதனைத் தொட்டார் என எவருஞ் சொல்லார். இங்கேதான் என் குறை. பகுதியை மட்டுந் திறப்பவர் பகுதியை மட்டுமே படிக்கின்றார். நான் குறிப்பிட்ட கட்டுரையிலேயே, வாழ்க்கைப் பகுதியில் ஓர் ஆண்டும் பணிகள் பற்றிய பகுதியில் வேறோர் ஆண்டுமாக ஒரே நிகழ்ச்சி இருமுறை கூறப்பட்டிருந்தது. நானே ஒருமுறை மிகையென எண்ணி ஒரு பகுதியை நீக்கினேன். வேறிரண்டு பகுதிகளின் அடிக்குறிப்புகளில் சிவப்பு எழுத்தில் வழு தோன்றிற்று. அவற்றுக்குரிய சான்றின் முழு விவரம் நான் நீக்கிய பகுதியிலேயே இருந்திருக்கின்றது. சாளரத்தினூடே கை நீட்டியவன், அறையின் மறுமூலையில் என்ன விழுந்ததென்று காணவில்லை.

அப்படியாயின் இவ்வசதி வேண்டாமா? வேண்டும் என்பேன். பன்னிரண்டு தலைப்புகள் கொண்ட கட்டுரையைத் திருத்து என்று பாடசாலை மாணவியிடம் சொன்னால் அஞ்சி விலகுவாள். உன் ஊர்க் குளத்தைப் பற்றிய பந்தி இது, பிழையிருந்தால் திருத்து என்றால், அமர்ந்துவிடுவாள். தமிழில் எழுத வேண்டியவை மலையளவு இருக்க, அந்த ஒரு பந்தியை இழக்க நமக்கு வசதியில்லை. முழுக் கட்டுரையையும் ஒருமுறை படித்த பின்னரே பொத்தானைத் தொடு என்று மட்டும் என்னிடம் வருவோருக்குச் சொல்லி வருகின்றேன். சிலர் கேட்கின்றனர்.

சென்ற மாதம் அக்கட்டுரையை மீண்டும் படித்தேன். அன்பரின் பந்தியில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்தேன்; அன்று அங்கே வேறெவரும் கைவைத்திருக்கவில்லை. அத்தலைப்பின் அருகிலிருந்த தொகுவை அழுத்தி, அந்த ஓர் ஒற்றை மட்டும் இட்டுச் சேமித்தேன்.