பட்டாவில் ஏறாத பனைகள்

சென்னைப் புறநகரில் தனி வீடு வாங்க வருகிறவர்கள் கேட்பது எத்தனை கிரவுண்டு, ரோடு எத்தனை அடி, போர் தண்ணீர் உப்பா என்பதுதான். தென்னை நின்றால் காய்ப்பு எப்படி என்று ஒரு பேச்சுக்கு விசாரிப்பார்கள். மாமரம் என்றால் ஒட்டா, நாட்டு ரகமா என்பார்கள். மடகாஸ்கர், மொரீஷியஸ், ஆஸ்திரேலியா என்று எங்கெங்கிருந்தோ வந்த பனைகளை வாசலிலிருந்து கொல்லை வரை வளர்த்து வைத்திருந்தால், "இதையெல்லாம் எடுத்துட்டா ரெண்டு கார் நிறுத்தலாம் சார்" என்பார் தரகர்.

சேலையூரில் இருந்த எங்கள் வீடு அப்படித்தான் கைமாறியது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்க வேறு வழியில்லை. அதில் யார்மீதும் மனத்தாங்கல் கிடையாது. கட்டடம் போனதும் பெரிதாக உறுத்தவில்லை, அதற்குத்தான் பணம் வந்துவிட்டதே. தோட்டத்துக்கு ஒரு பைசா வரவில்லை. வந்திருந்தாலும் கணக்கு நேராகியிருக்காது.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி மண்ணில் வேரூன்றிய மரமும் செடியும் நிலத்தோடு சேர்ந்தவை. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் நிலம் போகும்போது அவையும் போகும். ஆக, தொட்டியில் இருக்கிறவரை செடி என்னுடையது. அதையே தரையில் இறக்கிவிட்டால் வாங்குகிறவருடையது. இங்கிலாந்தில் வீடு விற்கிறவர் டிஏ10 என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். திரைச்சீலை, அடுப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வரும் அந்தப் படிவம், தோட்டத்துச் செடியையும் மரத்தையும் விட்டுச் செல்கிறீர்களா, எடுத்துச் செல்கிறீர்களா என்று கேட்கிறது. அந்த ஊரிலும் பனைக் கிறுக்கர்கள் உண்டு. சீனாவிலிருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் அனுப்பிவைத்த, பனியைத் தாங்கும் பனையைக் கொல்லையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் போர்வை சுற்றுகிறவர்கள். அவர்களுக்காகவே அந்த வரியைச் சேர்த்தார்களோ என்று எனக்கொரு சந்தேகம். நம் விற்பனை ஒப்பந்தத்தில் நான்கெல்லை வரும், போர்வெல் வரும், மின் இணைப்பு எண் வரும். மரத்துக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொன்னபோது பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

எது வரும், எது வராது என்பதுதான் அடுத்த கவலை. தொட்டியில் இருந்த ராபிஸ் பனைப் புதர்களும், வனுவாட்டுத் தீவிலிருந்து வந்த வட்ட இலை விசிறிப்பனையும் சுலபம். குட்டி யானையில் ஏற்றி அடுக்ககத்துக்குக் கொண்டு வந்துவிட்டோம். தரையில் நின்றவைதான் வம்பு. ஆணிவேர் இல்லாததால் பனைக் குடும்பத்து மரங்களைப் பொதுவாகப் பெயர்த்து நடலாம். தண்டின் அடியிலிருந்து விரல் பருமனில் வேர்கள் கற்றையாக இறங்கும். கிரேன் இருந்தால் போதும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம். ஃப்ளோரிடாவில் திமோதி ப்ரோஷட்டும் ஹென்றி டான்ஸல்மேனும் 1980களில் இதை வெட்டிப் பார்த்தே சோதித்தார்கள். தென்னையில் வேரை எந்த நீளத்தில் வெட்டினாலும் ஏறக்குறைய பாதி மறுபடி கிளைக்கிறது. அந்த ஊர்ச் சபால் பனையிலோ வெட்டுப்பட்ட வேர் அநேகமாக முழுவதும் செத்துவிடுகிறது. அடித்தண்டிலிருந்து புது வேர் இறங்கினால்தான் மரம் பிழைக்கும். அதனால் சபாலைப் பெயர்க்கும்போது மட்டைகளை ஒட்ட மழித்துவிட்டு, கம்பம் போல நட்டு வைப்பது அங்கே வழக்கம்.

எங்கள் தோட்டத்தில் இந்த விஷயத்தில் மகா பிடிவாதக்காரர் பிஸ்மார்க் பனை. மடகாஸ்கர்க்காரர், 1881இல் ஜெர்மனியின் பிஸ்மார்க் பெயரைச் சூட்டினார்கள். வெள்ளியில் நீலம் கலந்த நிறத்தில், ஆள் உயரத்துக்கு விசிறி விசிறியாக ஓலை. நம் பனைக்குத் தூரத்து உறவு: ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்பதும் அப்படியே. விதை முளைக்கும் விதமும் ஒன்றுதான். முளை மேலே வராது. விதையிலிருந்து ஒரு குழாய் நேராக மண்ணுக்குள் இறங்கி, ஆழத்தில் போய் வேர்விட்டு, அதன்பிறகே முதல் இலையை மேலே அனுப்பும். பனங்கிழங்கு பிடுங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிக் கீழே போய் உட்கார்ந்துகொண்ட மரத்தை வளர்ந்த பிறகு தோண்டினால் பெரும்பாலும் சாகும். வாரக்கணக்கில் முன்னதாகவே சுற்றிலும் வேரை அறுத்துவிட்டு, புது வேர் வரக் காத்திருந்து எடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு என்பார்கள். எங்களுக்கு அவ்வளவு அவகாசமும் இல்லை, கொண்டுபோய் வைக்க இடமும் இல்லை.

ஊரெல்லாம் மாநில மரமான பனையை வெட்டிச் சூளைக்கு அனுப்பிவிட்டு, அதன் சொந்தக்காரனை மடகாஸ்கரிலிருந்து வரவழைத்து உரம் போடுகிறோமே என்று நண்பர் ஒருவர் இடிப்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியூர்ப் பனை வளர்ப்பதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்யாண மண்டப வாசல்களில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் பாட்டில் பனைக்குச் சொந்த மண் மொரீஷியஸை ஒட்டிய ரவுண்ட் ஐலண்ட் என்ற குட்டித் தீவு. கொண்டுவந்து விட்ட ஆடுகளும் முயல்களும் கன்றுகளை மேய்ந்து தீர்த்ததில் அங்கே விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது. ஆட்டை 1979இலும் முயலை 1986இலும் ஒழித்துக் கட்டிய பிறகுதான் கன்றுகள் தலைதூக்கின. அதன் பங்காளி இனம் ஒன்றில் உலகத்திலேயே ஒரே ஒரு மரம் மிச்சம். மொரீஷியஸில் கியூர்பீப் தாவரவியல் பூங்காவில் நிற்கிறது. எங்கள் வாசலின் இரு பக்கமும் நின்ற நரிவால் பனையோ, ஆஸ்திரேலியாவில் கேப் மெல்வில் மலைப்பக்கம் மட்டுமே இருந்தது. விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்ததே 1983இல். அந்தப் பகுதியை அறிந்திருந்த வோட்யெட்டி என்ற பழங்குடி முதியவரின் பெயர் அது. பத்து வருடத்துக்குள் விதைத் திருட்டு குயின்ஸ்லாந்து அரசியலையே கலக்கியது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் பேரம் பேசி வாங்கலாம்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் தெருவின் பெருங்கொன்றைகளும் தூங்குமூஞ்சிகளும் வேரோடு சாய்ந்தன. நரிவால் பனைகள் ஓலையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நின்றன. இதை வாங்குகிறவரிடம் சொன்னேன். அதுவரை காரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர், முதல் முறையாக மரங்களை அண்ணாந்து பார்த்தார். கிரகப்பிரவேசத்துக்குள் ஒரு பக்கத்தை மட்டும் சிமென்ட் போட்டுக்கொள்கிறேன், மற்றதைத் தொடவில்லை என்றார்.

சாவியோடு ஒரு தாளையும் கொடுத்தேன். பச்சை மட்டையை வெட்டாதீர்கள். பாட்டில் பனையில் எப்போதும் சில மட்டைகள்தான் இருக்கும், இரண்டை அழகுக்காகக் கழித்தால் சாப்பாட்டில் பெரும்பங்கு போயிற்று. தண்டில் ஆணி அடித்து விளக்கு மாட்டாதீர்கள். இந்த மரத்துக்குப் பட்டை புதுப்பிக்கத் தெரியாது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். குருத்து ஒன்றே ஒன்று; அது போனால் மரம் போயிற்று.

மழை ஆரம்பித்த சமயம் அவரிடமிருந்து போன்.

"சார், அந்த வெள்ளி மரத்துல புது இலை கத்தரியால வெட்டின மாதிரி வருது. மட்டையில ஓட்டையும் இருக்கு."

"காண்டாமிருக வண்டு சார். ஓட்டையில நாரு தள்ளியிருக்கா?"

"ஆமா, மரத்தூள் மாதிரி."

"உள்ளதான் இருக்கு. கொக்கிக் கம்பி விட்டு இழுங்க. அப்புறம் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து குருத்தைச் சுத்தி இருக்கிற மட்டை இடுக்குல போடுங்க."

"பக்கத்து வீட்டுல பாச்சை உருண்டை வெக்கச் சொல்றாங்க."

"அதுவும் சரிதான். இடுக்குல வெச்சு மேல மணலால மூடிடுங்க, இல்லேன்னா காத்துல கரைஞ்சுடும். கொல்லையில எருக்குப்பை கிடக்கா?"

"நீங்க விட்டுட்டுப் போனது அப்படியே இருக்கு சார்."

"அதைக் கிளறிப் பாருங்க, புழு அதுலதான் வளருது."

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். வண்டு வெளியே வந்ததும் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.