கருவுற்ற தாய்மாரும் இரத்த அழுத்தமும்

கருவுற்ற பெண்ணின் கால் வீங்கினால், 'இது எல்லோருக்கும் வருவதுதானே' என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். பெரும்பாலும் அது உண்மையே. எனினும், உயர் இரத்த அழுத்தம் தொடக்கத்தில் வலியையோ களைப்பையோ காட்டாது. அளந்து பார்த்தாலன்றி அது புலப்படாது.

இருபதாம் வாரத்துக்குப் பின் அழுத்தம் 140/90 அளவை எட்டிச் சிறுநீரில் புரதமும் வெளியேறுமாயின் அதனை முன்வலிப்பு நிலை என்பர். கவனியாது விட்டால் தாய்க்கு வலிப்பும் மூளையில் இரத்தக்கசிவும், சிசுவுக்கு வளர்ச்சிக் குறைவும் நேரலாம்.

தடுக்கும் வழிகளுள் எளியது கால்சியம். பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார் முதன்முறை கருவுற்ற 11,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024 ஜனவரியில் வெளியாயிற்று. நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் உட்கொண்டோரில் 3.6 விழுக்காட்டினருக்கும், 500 மில்லிகிராம் மட்டுமே உட்கொண்டோரில் 3.0 விழுக்காட்டினருக்கும் முன்வலிப்பு கண்டது. குறைந்த அளவே போதுமென்பது, பெரிய மாத்திரைகளை விழுங்கத் தயங்கும் தாய்மார்க்கு நற்செய்தி அன்றோ! ஆயினும் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்துடன் சேர்த்து உண்ணலாகாது. இரண்டு மணி நேர இடைவெளி நன்று. கோலார்ச் சீமையின் கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. களியை ஏழை உணவென்று ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

முந்தைய பேற்றில் இச்சிக்கல் கண்டவர், இரட்டைக் கரு உற்றவர், சர்க்கரை அல்லது சிறுநீரக நோயுடையோர் பதினாறாம் வாரத்துக்குள் மருத்துவரை அணுகவேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் தக்கதா என்பதை அவர் கூறுவார். தாமாக வாங்கி உண்பது கூடாது.

விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறும் பெண்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதை நாம் அறிவோம். 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. அந்த ஒரு நாளுக்கு விடுப்பு எடுப்பதே சிறந்த சேமிப்பு. ஐந்து நிமிடம் அமைதியாய் அமர்ந்தபின் கையை இதய மட்டத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவைத் தாய் அட்டையில் குறித்து வாங்குங்கள். மாத்ரு வந்தனா திட்டத்தின் முதல் தவணை 3,000 ரூபாய் கணக்கில் சேரவும் பரிசோதனை அவசியம்.

கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் 108ஐ அழையுங்கள். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, அது வலிப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. குழந்தை பிறந்தபின்னும் இவ்வபாயம் ஆறு வாரம் வரை உண்டு. முதல் வாரத்தில் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் அளப்பது இன்றியமையாதது.